5க்கு 7 அடி பாத்ரூம், எல்லாமே சாம்பல் நிறம்: எந்தச் சாம்பலை எங்கே போடுவது?

தாமான்வாசி (சுங்கை சிப்புட்) கேட்டது:

வணக்கம். பழைய ஒரு மாடி வரிசை வீடு. பாத்ரூம் உள்ளளவு 1.5 மீட்டருக்கு 2.1 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். மூலையில் இருந்த சிமெண்டு கோலாவை (தண்ணீர்த் தொட்டியை) உடைத்தாகிவிட்டது. பின்பக்கம் 60க்கு 60 செண்டிமீட்டரில் ஒரே ஒரு லூவர் ஜன்னல். அதற்கு வெளியே சந்து, அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம், அதனால் வெளிச்சம் குறைவு. இப்போது இருப்பது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு.

சுவர், தரை, பேசின் அலமாரி எல்லாம் சாம்பல் நிறம், குழாய்கள் கறுப்பு. இதுதான் ஆசை. வீட்டில் "இருட்டடித்துவிடும்" என்கிறார்கள். அம்மா தோட்டத்தில் இருந்த காலத்துப் பழக்கத்தை விடவில்லை, வாளியில் தண்ணீர் பிடித்து மொண்டுதான் குளிப்பார். அதனால் தரை முழுக்க நனையும், வழுக்கக் கூடாது. எந்தச் சாம்பல், எவ்வளவு டைல்ஸ், அலமாரி எதில் செய்வது? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி:

வணக்கம் தங்கச்சி. சாம்பல் என்று ஒரு நிறம் தனியாகக் கிடையாது. நீலம் கலந்தது, பச்சை கலந்தது, பழுப்பு கலந்தது என்று மூன்று வகை. கடை வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மாதிரிக்கு ஒரு ஓடு (டைல்ஸ்) வாங்கி வெள்ளைத் தாள் மேல் வைத்தால்தான் உள்ளே எந்தச் சாயல் இருக்கிறது என்று தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்ரூம் தரையிலேயே வையுங்கள். ஒரு பாதியை நனைத்துவிட்டு, மாலை 6 மணிக்கு ஒரு தடவையும் விளக்கைப் போட்டு ஒரு தடவையும் பாருங்கள். மேட் ஓடு, அதாவது பளபளப்பில்லாத ஓடு, ஈரத்தில் கருத்துத் தெரியும். உங்கள் வீட்டில் தரை காய்ந்திருக்கும் நேரத்தைவிட நனைந்திருக்கும் நேரம்தான் அதிகம், ஆகவே நனைந்த பாதியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வெளிச்சம் குறைந்த அறை என்பதால் சுவருக்குப் பழுப்புச் சாயல் உள்ள இளஞ்சாம்பல் போடுங்கள். நீலச் சாயல் உள்ள ஓடும் 6500 கெல்வின் விளக்கும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி நடைபாதை மாதிரி ஆகிவிடும். வீட்டில் பயப்படுவது அதைத்தான்.

தரைக்குக் கரிச்சாம்பல் வேண்டாம். சோப்பு நுரை, முகப் பவுடர், தண்ணீர் காய்ந்த தடம் எல்லாம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ரொம்ப இளம் நிறமும் ஆகாது, காலோடு வரும் செம்மண் ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் தங்கிவிடும். நடுச்சாம்பல், அதிலும் பொடிப்புள்ளி கலந்த ஓடு இரண்டையும் மறைக்கும். வாளிக் குளியல் என்பதால் வழுக்குத் தடுப்புத் தரம் ஆர்11 கேளுங்கள் (எண் கூடினால் பிடிமானமும் கூடும்), ஆர்10க்குக் கீழே இறங்காதீர்கள். 300க்கு 300 மில்லிமீட்டர் ஓடுதான் நல்லது. 600க்கு 600 ஓடு இந்தச் சின்ன அறையில் சரிவோடு படியாது. மூலைவிட்டமாக வெட்ட வேண்டிவரும், இல்லாவிட்டால் ஒரு முனை தூக்கி நிற்கும். சிறிய ஓட்டில் சந்துகள் அதிகம், காலுக்குப் பிடிமானமும் அதிகம்.

கணக்கு: சுற்றளவு 7.2 மீட்டர், உயரம் 2.4, ஆக 17.3 சதுர மீட்டர். கதவு, ஜன்னல் கழித்தால் 15.3. வெட்டுச் சேதம் 10 விழுக்காடு சேர்த்தால் சுமார் 16.8. 300க்கு 600 சுவர் ஓடு ஒன்று 0.18 சதுர மீட்டர், ஆகவே 94 ஓடு. பெட்டிக்கு 8 என்றால் 12 பெட்டி. தரை 3.15 சதுர மீட்டர், சேதத்தோடு 39 ஓடு. பின்னால் ஒன்றிரண்டு உடைந்தால் மாற்றுவதற்கு ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வையுங்கள். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிற எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று லோரியில் இருந்து இறக்கும்போதே பாருங்கள். வெள்ளை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் சாம்பல் ஓட்டில் பட்டை பட்டையாகத் தெரியும்.

போர்சலின் ஓடு தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்டுக் கலவையில் பிடிக்காது. சி2 வகை ஒட்டுச் சிமெண்டு, 20 கிலோ மூட்டை ஐந்து. ஓட்டின் நடுவில் ஐந்து உருண்டை வைத்து அழுத்துவதை அனுமதிக்காதீர்கள். பல் கரண்டியால் முழுக்க இழுத்துத் தடவ வேண்டும். உருண்டைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சை நாற்றம் வரும், தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும்.

கோலா இருந்த மூலைதான் முக்கியம். உடைத்த இடத்தில் பழைய பூச்சு தளர்ந்திருக்கும். செங்கல் தெரியும்வரை கொத்திப் புதிதாகப் பூசி, காய்ந்த பிறகு வாட்டர் புரூஃபிங் இரண்டு பூச்சு கொடுங்கள், ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் புளோர் டிராப்பை (தரை வடிகாலை) சுற்றியும் வலைத்துணி வைக்க வேண்டும். சுவரில் 300 மில்லிமீட்டர் உயரம், குளிக்கும் பக்கம் 1.8 மீட்டர். காய்ந்ததும் டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். கீழ் வீடு இல்லையே என்று இதை விட்டுவிடுவார்கள். ஒழுகினால் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பிக் கொப்புளமாக உரியும்.

சரிவு 80க்கு 1. கதவிலிருந்து டிராப் 1.8 மீட்டர் என்றால் 22 மில்லிமீட்டர் இறக்கம். ஓடு ஒட்டும் முன்பே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

பலகை அக்கா:

அலமாரிக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் ரொட்டி மாதிரி உப்பும், திரும்பச் சுருங்காது. ஒட்டுப்பலகை தண்ணீரைத் தாங்கினாலும், தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் கரையான் விடாது. அலுமினியச் சட்ட அலமாரி, அல்லது பிவிசி ஃபோம் பலகை. இந்த இரண்டில் ஒன்று. பிவிசி பலகையில் திருகாணியை இரண்டு முறை கழற்றி மாட்டினாலே பிடி விட்டுவிடும், அதனால் கதவு கீல் வரும் இடத்தில் அலுமினியப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கீல் 304 எவர்சில்வர்.

தரையில் உட்கார வைக்காமல் சுவரில் தொங்கவிடுங்கள், அடியில் 250 மில்லிமீட்டர் இடைவெளி. வாளித் தண்ணீர் தெறித்தாலும் துடைக்கலாம், அறையும் பெரிதாகத் தெரியும். அகலம் 600, ஆழம் 450க்கு மேல் போனால் 1.5 மீட்டர் அறையில் அம்மா திரும்பக் கஷ்டப்படுவார். பேசின் மேல்மட்டம் 820 மில்லிமீட்டர். சுவரில் துளை போடும்போது வாட்டர் புரூஃபிங் கிழியும், ஆகவே துளைக்குள் சிலிக்கான் நிரப்பிய பிறகே ஆணிப்பிடிப்பை இறக்க வேண்டும்.

நிறத்தில் எல்லோரும் செய்யும் தப்பு: அலமாரியை ஓட்டின் சாம்பலுக்குச் சரியாகப் பொருத்தப் பார்ப்பது. பொருந்தவே பொருந்தாது. ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு சாம்பலைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்குப் பிடித்தது போலத் தெரியும். சுவரைவிட இரண்டு மூன்று படி கருமையாக எடுங்கள், அதே பழுப்புச் சாயலில். பேசினும் கழிவறைக் கோப்பையும் வெள்ளையாகவே இருக்கட்டும், கண்ணுக்கு ஓரிடம் வேண்டும். மேல் பலகை மரநிற லாமினேட்டில் வந்தால் குளிர்ச்சி குறையும்.

கறுப்புக் குழாயில் மலிவான பூச்சு உரிந்து பித்தளை தெரியும். பிவிடி பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் கெட்டியான பூச்சு) என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஆசிட் கலந்த கழிவறைத் திரவம் அதன்மேல் படக் கூடாது.

வயர்வேலை பேராக்:

இருட்டு என்கிற பயத்துக்குப் பாதி மருந்து விளக்குதான். 4000 கெல்வின், நிறம் காட்டும் அளவு சிஆர்ஐ 90. கூரையில் ஒன்று, கண்ணாடிக்கு இரு பக்கமும் முக உயரத்தில் ஒவ்வொன்று, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 தரத்தில். உச்சியில் ஒரே விளக்கு என்றால் சாம்பல் சுவரில் முகம் நிழலடிக்கும். 3000 போட்டால் பழுப்புச் சாயல் ஓடு மஞ்சளாகிவிடும்.

அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 7.6 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாற 76 கன மீட்டர் வெளியேற்றும் விசிறி வேண்டும், 6 அங்குல விசிறி தாராளம். கதவின் அடியில் 15 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், உள்ளே காற்று வராமல் விசிறியால் வெளியே தள்ள முடியாது.

வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். தனி வயரிங், 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), பூமி இணைப்பு. மூன்றும் கட்டாயம். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். ஓடு ஒட்டும் முன்பே வயர் குழாய்க்குச் சுவரில் வழி வெட்டியாக வேண்டும்.

அகல மழை ஷவர் ஆசை இருந்தால் ஒன்று யோசியுங்கள். ஒரு மாடி வீட்டில் தண்ணீர் டாங்க் ஷவருக்கு மேலே ஒரு மீட்டர்தான் இருக்கும், அது 0.1 பார் அழுத்தம். அகல ஷவரில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். பம்ப் உள்ள ஹீட்டரோடு கைஷவர் போதும்.

தாமான்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டலாம் என்கிறார் கண்டிராக்டர். ஓட்டுச் சந்துகளை நிரப்பும் கிரௌட் நிறம் எது?

கொத்துக்கரண்டி:

மேல் ஒட்டு வேண்டாம் தங்கச்சி. உங்களுக்குக் கோலா உடைத்த பள்ளம் இருக்கிறது, வாட்டர் புரூஃபிங் அடியில் போக வேண்டும். தரை 15 மில்லிமீட்டர் உயர்ந்தால் கதவு உரசும், நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் கூடத்துக்கு வரும். சுவர் தடித்தால் கழிவறைக் கோப்பையின் குழாய் தூரமும் குறைந்துபோகும். புதுக் கோப்பை வாங்கும் முன், ஓடு ஒட்டிய சுவரிலிருந்து குழாயின் நடுவரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கிரௌட், தரைக்கு ஓட்டின் நிறத்தைவிட ஒரு படி கருமை, எப்பாக்ஸி (பிசின் வகை). சந்து 3 மில்லிமீட்டர். சுவருக்குச் சாதாரண சிமெண்டு கிரௌட், 2 மில்லிமீட்டர் சந்து, மூன்று கிலோ போதும். தரைக்கு ஒரு கிலோ.

பலகை அக்கா:

சுவருக்கு ஓட்டின் நிறமே போடுங்கள். கருமையான கோடு ஓடினால் சின்ன அறை கட்டம் கட்டமாகத் தெரியும்.

கொத்துக்கரண்டி:

அக்கா சொல்வது சரி, சுவருக்கு ஓட்டின் நிறம். கரும் சிமெண்டு கிரௌட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. கலக்கும்போது தண்ணீர் கூடினால், அல்லது சொட்டும் பஞ்சால் துடைத்தால், காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு தண்ணீரோடு மேலே வந்து காற்று பட்டு வெளுப்பதுதான் அது. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும், கழுவினால் போகும், காய்ந்தால் திரும்ப வரும். தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள், பஞ்சைப் பிழிந்து துடைக்கச் சொல்லுங்கள். எப்பாக்ஸியைச் சின்னச் சின்ன அளவாகக் கலந்து, ஓட்டின் மேல் படிந்ததை உடனே துடைக்க வேண்டும். மேட் ஓட்டில் இறுகிவிட்டால் எடுக்க முடியாது. முதலில் கதவுக்குப் பின்னால் மறைகிற மூலையில் நான்கு ஓட்டுக்கு மட்டும் பூசி, மறுநாள் நிறத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்கச் சொல்லுங்கள்.