சீவாளி விஷயமாக ஒரு உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் நாகஸ்வரம் வாசிக்கிறேன். குடும்பத்துக்கு இதுதான் சோறு. கையில் இருப்பது நரசிங்கம்பேட்டை பாரி நாயனம், அதாவது நீளமான நாகஸ்வரம், 2 கட்டை சுருதி. ஆச்சா மரம். வாத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. தொல்லை, வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவாளியில்தான்.

இப்போது பெரும்பாலும் ஏசி மண்டபங்கள். முதல் நாள் வரவேற்பில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, விடியற்காலை முகூர்த்தத்துக்கு உட்காருகிறேன். குளிரில் நாணல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. வாயில் வைத்து நனைத்தாலும் மேல் ஸ்தாயியில் காற்றுதான் வருகிறது. போன வாரம் தாலி கட்டுகிற நேரத்தில் சீவாளி பிளந்துவிட்டது. கெட்டிமேளத்துக்குத் தவில் அண்ணன் ஒருவரே தாங்கினார். நான் அவசரமாக மாற்றி எடுப்பதற்குள் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுக்கு வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் அப்பா முகத்தை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

திருவாவடுதுறையில் எனக்கு வழக்கமாகச் செய்து கொடுத்த பெரியவர் வயதாகி வேலையை நிறுத்திவிட்டார். 2 கட்டைக்குப் பொருத்தமாக, சீவாளியைச் செருகுகிற உலோகக் குழலான என் கெண்டைக்கு அளவு பார்த்துச் செய்து தருகிறவர் யாரையாவது தெரியுமா? கூரியரில் அனுப்பினாலும் சரி, நேரில் வந்தும் வாங்கிக்கொள்கிறேன். ஏசியில் வாசிக்கும் அண்ணன்மார்கள் சீவாளியை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், பூஞ்சை பிடித்துவிட்டது.

தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். அதற்குள் ஐந்தாறு சீவாளியாவது வாசித்துப் பழக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.