டிசம்பர் 25, சூரியன் எழுந்த அரை மணி: கரையிலிருந்து தூரத்து நண்பர்களுக்கு

மண்டபம்

இந்தக் கரையில் இருக்கிற நாங்களும் வெளிநாடு போனவர்களும் மாறி மாறி எழுதுகிறோம்; மேலே இருக்கிற ஊர்ப்பெயர் எழுதுகிறவருடையது. ஊரை விட்டுப் போன, பறவை பார்க்கிற நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் என்ன அனுப்புவது என்ற பேச்சு வருஷா வருஷம் வருகிறது. கேக் படமும் மினுக்கும் நட்சத்திரமும் ஏற்கெனவே நூறு பேர் அனுப்பியிருப்பார்கள். அவர்கள் கேட்பது வேறு. பூநாரை (ஃபிளமிங்கோ) வந்தாச்சா, கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணியில் நிற்கிறதா, உள்ளே தள்ளியா, வாடைக் காற்று எப்படி அடிக்கிறது? இதற்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் அதுவே வாழ்த்து.

நடைமுறையில் சரிப்பட்டு வருவது இது: 25ஆம் தேதி அவரவர் இருக்கிற இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்ப்பது. 'எல்லோரும் ஒரே நேரத்தில்' என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ராமேஸ்வரம் தீவில் சூரியன் எழுவது ஏறக்குறைய 6.25. அப்போது அபுதாபியில் 4.55, லண்டனில் நள்ளிரவு தாண்டி 12.55, டொராண்டோவில் முந்தின நாள் மாலை 7.55. பாதிப் பேர் இருட்டில் உட்கார வேண்டியதுதான். 'அவரவர் ஊரில் சூரியன் எழுந்த முதல் அரை மணி' என்று வைத்தால் தகராறு இல்லை. சிட்னிக்காரர் பட்டியல் இங்கே இரவுப் பூசை நேரத்தில் வந்து விழும். டொராண்டோவிலிருந்து வருவதற்குள் இங்கே விளக்கு வைத்துவிடுவார்கள்.

நின்ற இடத்தை விட்டு முப்பது மீட்டருக்கு மேல் நகராதீர்கள். தொடங்கிய நேரம், எத்தனை நிமிஷம், எத்தனை பேர் பார்த்தீர்கள், மூன்றும் கட்டாயம். காக்காய், மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். அபூர்வமானதை மட்டும் எழுதினால் அது பட்டியல் இல்லை, பீற்றல். எண்ண முடியாததற்கு ஊகமாக ஓர் எண் போடுவதை விட 'எக்ஸ்' போடுவது மேல். பறவைப் பட்டியல்களை ஏற்றுகிற இணையதளமான இபேர்டும் (eBird) அதை ஏற்றுக்கொள்ளும்.

பாம்பன்

அண்ணே, நேரம் சரி. இடத்தைப் பார்த்து வையுங்கள். 25ஆம் தேதி மீன் இறங்குதளத்தில் நின்று எண்ணினால் கணக்கு ஏமாற்றும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அன்றைக்குப் படகெல்லாம் கரையில்தான். வலையிலிருந்து உதறிப் போடுகிற கழிவு மீன் இல்லையென்றால் கடற்காகத்துக்கும் செம்பருந்துக்கும் அங்கே என்ன வேலை? முந்தின வாரம் முந்நூறு, பண்டிகையன்று நாற்பது என்று வெறும் எண்ணை அனுப்பினால் வெளியூரில் இருப்பவர் 'இப்படிக் குறைஞ்சுபோச்சே' என்று பதறுவார். 'படகு போகவில்லை' என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

இன்னொன்று, பழுப்புத்தலைக் கடற்காகம் டிசம்பரில் பழுப்புத் தலையோடு இருக்காது. தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். படத்தைப் பார்த்தவர் 'கருந்தலைக் கடற்காகமா?' என்று கேட்பார். இறக்கை விரிக்கும்போது பாருங்கள். நுனி நல்ல கறுப்பாக இருந்து அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் பழுப்புத்தலை. இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெள்ளைப் பட்டை ஓடி, கறுப்பு ஓரத்தில் மட்டும் நின்றால் கருந்தலை. வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளிறி இருக்கும். இளசுக்குக் கண் இருண்டிருக்கும், பொட்டும் சரியாகத் தெரியாது. அங்கேதான் ஆள் ஏமாறுவது. உட்கார்ந்த படம் பத்து அனுப்புவதற்குப் பறக்கிற படம் ஒன்று போதும்.

டொராண்டோ, சொந்த ஊர் தங்கச்சிமடம்

பாம்பன் தம்பி சொன்னது முக்கியம். 'ஏன் குறைந்தது' என்ற குறிப்பு இல்லாத எண்ணை வாங்கி இங்கே எதுவும் செய்ய முடியாது.

இங்கே கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கு என்று ஒன்று உண்டு. 1900 டிசம்பர் 25 அன்று ஃபிராங்க் சாப்மன் தொடங்கிவைத்தது. அதற்கு முன் அமெரிக்காவில் பண்டிகை நாளில் இரண்டு அணியாகப் பிரிந்து போய், யார் அதிகம் சுட்டார்கள் என்று போட்டி வைப்பார்களாம். சுடுவதற்குப் பதில் எண்ணலாம் என்று மாற்றினார். இப்போது டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. 24 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம், அதற்கென்று குறித்த ஒரே நாள், வட்டத்துக்குள் கண்டதெல்லாம் கணக்கு. நம்ம கரைக்கு அந்த வட்டம் ஒத்துவராது. இரண்டு பக்கமும் கடல், வட்டத்தில் பாதிக்கு மேல் தண்ணியில் விழும். மண்டபம் அண்ணன் சொல்கிற நின்ற இடத்துக் கணக்குதான் அங்கே லாயக்கு.

படம் அனுப்பும்போது ஒரு வேண்டுகோள். வாட்ஸாப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரமும் இடமும் கூடவே உதிர்ந்துபோகும். இறகின் விளிம்பைப் பார்த்து வயசு சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் மங்கல்தான் வந்து சேரும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எல்லாம் அப்படியே இருக்கும். அதனாலேயே ஆமை முட்டையிட்ட இடம், கண்மாயில் கூடு வைத்த மரம் இவற்றின் படத்தை மட்டும் டாக்குமென்டாக அனுப்பாதீர்கள். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அபுதாபி, சொந்த ஊர் கீழக்கரை

இந்தப் பக்கத்துக்கும் நம்ம கரைக்கும் ஒரே பறவை சாட்சி சொல்லும்: நண்டுதின்னி. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட சாம்பல் காலோடு, கத்தி மாதிரி தடித்த கறுப்பு அலகோடு இருக்கும். இங்கே வளைகுடாத் தீவுகளில் கோடையில் மணலைக் குடைந்து, வளைக்குள் ஒரே ஒரு வெள்ளை முட்டை வைக்கும். குளிர்காலத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் தனுஷ்கோடி மணல் திட்டுகளிலும் நிற்கும். டிசம்பரில் கூர்ந்து பார்த்தால் முதுகு சாம்பல் பூத்த இளசு ஒன்று பெரியதன் பின்னாலேயே சீழ்க்கை அடித்துக்கொண்டு நண்டு கேட்டு அலைவது தெரியும். இத்தனை தூரம் பறந்து வந்தும் ஊட்டிவிடச் சொல்கிற கரைப்பறவை வேறு எது? 'நண்டுதின்னி 12' என்று எழுதுவதை விட 'பெரிசு 9, இளசு 3' என்று எழுதி அனுப்புங்கள். அந்த வருஷம் இங்கே குஞ்சு எப்படித் தேறியது என்பதற்கு அது ஒரு தடயம். ஆனால் இதற்காகத் தீவில் இறங்க வேண்டாம். 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு.

காலில் நிறக்கொடி (ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிவிடுகிற சிறு நிறப் பட்டை) மாட்டிய உள்ளானோ உப்புக்கொத்தியோ கண்ணில் பட்டால், வாழ்த்துச் செய்தியிலேயே அதைச் சரியாக எழுதுங்கள். இடது, வலது என்பது பறவையின் இடது வலது, பார்க்கிறவருடையது இல்லை. மூட்டுக்கு மேலா கீழா என்று சொல்ல வேண்டும். ஒரே காலில் இரண்டு கொடி இருந்தால் மேலிருந்து கீழாக எழுத வேண்டும். கொடி எந்த இடத்தில் மாட்டப்பட்டது என்பதை அந்த நிற வரிசைதான் சொல்லும், மாற்றி எழுதினால் பறவை வேறு தேசத்துக்குப் போய்விடும். வெயிலிலும் உப்பிலும் நிறம் வெளுக்கும். சிவப்பு ஆரஞ்சாகும், ஆரஞ்சு மஞ்சளாகும். சந்தேகம் இருந்தால் 'ஆரஞ்சு அல்லது மஞ்சள்' என்றே எழுதுங்கள். கொடியில் இருக்கிற எழுத்தில் எட்டும் 'பி'யும், ஐந்தும் 'எஸ்'ஸும் குழப்பும். பறவை தண்ணியில் நின்றால் கீழ்க்கால் தெரியாது. அது நடந்து மேட்டுக்கு வரும்வரை அசையாமல் காத்திருந்து, இரண்டு காலும் தெரிகிற மாதிரி தொடர்ந்து பத்துப் படம் தட்டுங்கள். இந்தியாவில் மாட்டிய வளையம், கொடி என்றால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுத வேண்டும்.

தொண்டி

கீழக்கரைக் காக்கா (அண்ணனைத்தான் அப்படிச் சொல்வது) விரிவாகச் சொல்லிவிட்டார். நான் சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். காரங்காட்டு அலையாத்திக் காட்டின் காலைச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் வெளிநாட்டில் இருப்பவர் நாலு தரம் கேட்பார். ஆனால் டிசம்பர் வாடையில் பதிந்தால் 'புர்ர்ர்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும். போனின் மைக் அடிப்பக்கம் இருக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று, போனை மார்போடு அணைத்தாற்போலப் பிடிக்க வேண்டும். கரையேற்றிய வள்ளத்தின் மறைவு கிடைத்தால் இன்னும் நல்லது. மைக் முனையில் பழைய காட்டன் சாக்ஸை மாட்டினால் பாதி இரைச்சல் போகும். முதலில் இடம், தேதி, நேரம் மூன்றையும் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு நிமிஷம் பேசவே கூடாது. இந்த ஒரு நிமிஷம்தான் யாராலும் முடிவதில்லை.

வாடைக்காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் இரண்டு பக்கமும் போக வேண்டாம். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் 22 இரவில்தான் வந்தது. பண்டிகை வாரம் என்று கடலுக்குக் கணக்கில்லை.

தங்கச்சிமடம்

பரிசுப் பொட்டலம் பற்றி யாரும் சொல்லவில்லை. சங்கு, சிப்பி, பவளப்பாறைத் துண்டு அனுப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கல்பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சங்கு, சிப்பியிலும் சில இனங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. கடையில் விற்கிறார்களே என்பது பதிலாகாது. மயிலிறகை வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை.

பனை ஓலை நட்சத்திரம் அனுப்பலாம். குருத்தோலையை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்தில் கீறிக்கொள்ள வேண்டும். மடிக்கும் முன் ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மடிப்பில் வெடிக்கும். இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, முடைந்த அன்றைக்கே பொட்டலம் கட்டுவது. உள்ளே ஈரம் நின்று, போய்ச் சேருவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். முடைந்தபின் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுச் செய்தித்தாளில் தட்டையாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். சுங்கத் தாளில் 'அன்பளிப்பு' என்று மட்டும் எழுதாமல் 'உலர்ந்த பனை ஓலைக் கைவினை' என்று எழுதுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு மட்டும் ஓலை வேண்டாம், தாவரப் பொருள் என்றால் அங்கே அலசி எடுப்பார்கள். அவர்களுக்குக் காகித அட்டையே போதும். கனடாவுக்கு நவம்பர் கடைசிக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் பொங்கலுக்குத்தான் போய்ச் சேரும்.

ராமேஸ்வரம்

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு. தீவின் கோடியான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். போன் தானாகவே இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரம் மாறாது, ரோமிங் பில் வரும்போதுதான் தெரியும். நெட்வொர்க் தேர்வைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள். மலையேற்றத்துக்கு வைத்திருக்கிற செயற்கைக்கோள் போன், செய்திக்கருவி எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவராதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் பிடித்துவைத்து விசாரிப்பார்கள். ட்ரோனும் வேண்டாம். எல்லைக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் இருக்கிறது.

பூநாரைக்கு: 2025 ஜூனில் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயம் அறிவித்தாயிற்று, ஆகவே சாலையை விட்டு இறங்காமல் பாருங்கள். தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். கழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து கூட்டம் ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். ஓரத்தில் நிற்கிற ஐம்பதை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணி, அந்த அகலத்தைக் கண்ணில் பிடித்து, கூட்டத்தின் மேல் எத்தனை தடவை பொருந்துகிறது என்று பாருங்கள். இடமிருந்து வலம் ஒரு தரம், வலமிருந்து இடம் ஒரு தரம். நடுவில் நெருக்கம் அதிகம் என்பதால் முதல் தரம் எப்போதும் குறைத்துத்தான் வரும். சாம்பல் நிற இளசுகளைத் தனியாக எழுதுங்கள். ஒன்பதரைக்கு மேல் கானல் எழும்பும், அப்புறம் எந்த ஸ்கோப்பிலும் கால் நெளியும். திரும்பியதும் டிரைபாட்டின் மூட்டுகளை நல்ல தண்ணியில் கழுவித் துடையுங்கள், உப்பு இறங்கினால் அடுத்த சீசனில் திருகு அசையாது.

மண்டபம்

பட்டியல்களை 26 மாலைக்குள் இபேர்டில் ஏற்றிவிட்டு, கூட நின்றவர்களோடு அங்கேயே பகிர்ந்துகொள்ளுங்கள். கூட நில்லாதவரைச் சேர்க்காதீர்கள், அவர் கணக்கில் பொய்யாக ஒரு பூநாரை ஏறும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் பொங்கல் பறவைக் கணக்குக்கும் இதே இடம், இதே நின்ற புள்ளிதான் வேண்டும். எங்கே நின்றீர்கள் என்பதைப் 'பெரிய வளைவுக்குப் பக்கத்தில்' என்று எழுதாமல் வரைபடத்தில் குறியிட்டு அனுப்புங்கள். சாலையோர மணல் மேடு அடுத்த வாடைக்குள் இடம் மாறிவிடும்.