தாண்டிக்குடி மலை நிலத்தில் ஊற்று: வாங்கும் முன் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து வளர்ந்த எனக்கு, தாண்டிக்குடிப் பக்கம் விலைக்கு வந்திருக்கும் 2 ஏக்கர் காப்பித் தோட்டத்தில் பாறையிடுக்கிலிருந்து வழியும் ஊற்றைக் கண்டதும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. 10 லிட்டர் வாளியை அதன் கீழே வைத்தேன். 40 நொடிகளில் நிறைந்தது. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 21,600 லிட்டர். ஆனால் நான் போனது டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர்தான் ஊற்றாக வெளிவருகிறது என்பதால், மே மாதத்தில் அதே வாளியை வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறேன்.

கீழ் எல்லையில் ஓர் ஓடையும் உண்டு. விற்பவர் அதுவும் தம்முடையதே என்கிறார். புலப்படத்திலும் (நில எல்லை வரைபடம்) 'அ' பதிவேட்டிலும் (வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடு) அது ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் பட்டாவில் சேராது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஓடையை ஒட்டிய நிலத்துக்காரர் மற்ற கரைக்காரர்களுக்குப் பெரும் பாதிப்பு நேராமல்தான் நீரைப் பயன்படுத்தலாம். ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் கீழே உள்ள வீட்டுக்குப் போவதையும் பார்த்தேன்; அந்தக் குடும்பத்தின் குடிநீரைப் பறித்து நான் குடியேற விரும்பவில்லை.

கீழ்ப்பழனி மலையில் நிலம் வாங்கிய அன்பர்கள், கோடையில் உங்கள் ஊற்று எவ்வளவு குறைந்தது என்பதையும், நீர்ப் பகிர்வைக் கிரையப் பத்திரத்தில் எப்படி எழுதிக்கொண்டீர்கள் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள். புல எல்லையை அளக்கும்போது உடன் வரக்கூடிய, அனுபவமுள்ள ஒருவரை யாரேனும் பரிந்துரைத்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.