கடற்பனிப் பாசி: அடி 3 செ.மீ.யில் கைதவறினால் கணக்கே தவறும்

கடற்பனியின், அதாவது உறைந்த கடல்நீரின், அடியில் வளரும் பாசியின் அளவு சரியாக வராதபோது எல்லோரும் ஃப்ளூரோமீட்டரைத்தான் (குளோரோஃபிலை அதன் ஒளிர்வைக் கொண்டு அளக்கும் கருவி) சந்தேகப்படுகிறார்கள். தவறு பெரும்பாலும் துளைப்பானால் வெட்டிய பனித்தூணை வெளியே இழுக்கும்போதே நடந்துவிடுகிறது. வசந்தத்தில் பாசியின் பெரும்பகுதி பனியின் அடி சில சென்டிமீட்டரில்தான் இருக்கும். அந்த அடுக்கு மெல்லிய தகடுகளாக, தொட்டாலே உதிரும். துளைப்பான் தண்ணீரைத் தொட்டதும் சுற்றுவதை நிறுத்தி, மெதுவாக, நேராகத் தூக்குங்கள். அடிமுனை தட்டையாகவும் பழுப்பாகவும் இருந்தால் நல்ல தூண். வெளுத்து மழுங்கியிருந்தால் கழித்துவிடுங்கள். வெயில் படாமல் உடனே கறுப்புப் பையில் போடுவது முக்கியம்.

*

உருக்குவதிலும் இதே கவனம் வேண்டும். அடி 3 செ.மீ.யை அறுத்து அப்படியே உருகவிட்டால் உவர்ப்பு சட்டென்று இறங்கும். கசையிழை உயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச்செல் உயிரிகள்) வெடித்துச் சிதறும், டயாட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள பாசிகள்) ஓரளவு தாங்கும். ஒரு பங்கு பனிக்கு மூன்று பங்கு வடிகட்டிய கடல்நீர் சேர்த்து, 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள். எவ்வளவு சேர்த்தீர்கள் என்று எழுதி வைக்காவிட்டால் எல்லாம் வீண்.

9 செ.மீ. விட்டமுள்ள தூணின் பரப்பு 63.6 ச.செ.மீ. சேர்த்த நீரோடு மொத்தம் 700 மி.லி., குளோரோஃபில் லிட்டருக்கு 90 மைக்ரோகிராம் என்றால், 63 மைக்ரோகிராம். அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 9.9 மில்லிகிராம். பனியின் மேல் வெண்பனி எத்தனை செ.மீ. கிடந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் ஒளி எவ்வளவு சேர்கிறது என்பதை அதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. சில மீட்டர் தள்ளினாலே பாசி அளவு மாறும், ஒரே தூணை நம்ப வேண்டாம்.

*

பாசி ஒளிச்சேர்க்கையில் எவ்வளவு கார்பனைச் சேர்க்கிறது என்ற உற்பத்தியை அளக்க, பாட்டிலில் கார்பன்-14 (கதிரியக்கக் கார்பன்) போடுகிறவர்களுக்கு ஒன்று: சூத்திரத்தில் வரும் கனிமக் கார்பன் (நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட் போன்றவை), நீர் சேர்த்த பிறகு அந்தப் பாட்டிலில் இருக்கும் அளவாக இருக்க வேண்டும். பனி உருகிய நீரில் அது கடல்நீரைவிட மிகக் குறைவு, எனவே பனிக்கான அளவைப் போட்டால் விடை தாழ்ந்துபோகும். ஒளி படாமல் வைத்த இருட்டுப் பாட்டிலின் அளவைக் கழிக்க மறக்காதீர்கள்.

அப்போதும் கிடைப்பது உருக்கிய பாசியின் திறன்தான். பனிக்குள் ஒன்றுக்கொன்று நிழலாக அடுக்கியிருந்த செல்கள் பாட்டிலில் ஒரே ஒளியில் மிதக்கின்றன. உருக்காமல் அறிய, பனியின் அடிப்பரப்பில் ஆக்சிஜன் நுண்மின்வாயை (ஆக்சிஜனை அளக்கும் நுண்ணிய ஊசி உணரி) வைத்து அளப்பதே மேல். குளோரோஃபில் ஏறியதை மட்டும் வளர்ச்சி என்று எடுக்காதீர்கள். மங்கலான ஒளியில் செல்கள் தம் குளோரோஃபிலைக் கூட்டிக்கொள்ளும். கூடவே துகள் கார்பனையும் (வடிதாளில் தங்கும் செல்களின் கார்பன்) அளந்தால்தான் உண்மை தெரியும்.