அப்பாவின் பாஸ்வேர்டு நோட்டு: இருக்கட்டுமா, கிழித்துப் போடலாமா?

பழைய_மோடம்:
அப்பா ஓய்வு பெற்றவர். வங்கி, வருமான வரி, ரயில் டிக்கெட், மின்வாரியம் என்று எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டி வைத்து, தளங்களில் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலிக்கு மாற்றியே தீர வேண்டும் என்கிறான் தம்பி. எனக்கு நோட்டே போதும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நள்ளிரவு_அட்மின்:
தம்பி சொல்வதுதான் சரி. பீரோ உடைபடும் என்பதற்காகச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துக் கையால் அடிப்பவர் பாஸ்வேர்டைச் சின்னதாகத்தான் வைப்பார்: பேர், பிறந்த வருடம், நடுவில் ஒரு @. அதையே நாலு இடத்தில் போடுவார். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் பூட்டு எதுவும் இல்லாமல் அப்படியே வெளியே வந்தன. முதலிடம் 123456-க்கு. ஒரு தளத்தில் கசிந்ததை மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் அன்றாட வேலை. அதற்கு நோட்டு என்ன செய்யும்?

ஈரோட்டுக்காரி:
அட்மின் சார், 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரில் நடந்ததை வசதியாக விட்டுவிட்டீர்களே! வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களின் நகலையே அள்ளிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் யாருக்கு எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டாமல் கிடந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டு லேசாக இருந்தவர் கதி? கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவன் எங்கள் வீட்டுப் பீரோவுக்குள் கை விட முடியாது. புரூஸ் ஷ்னையர் போன்ற பாதுகாப்பு நிபுணரே 2005-இல் சொன்னார், பாஸ்வேர்டை எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று.

நள்ளிரவு_அட்மின்:
எழுதச் சொன்னது நினைவில் நிற்காத அளவுக்குக் கடினமான பாஸ்வேர்டை, மேடம். அப்பா@1955-ஐ இல்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். "பான் எண் இணைக்கவில்லை, கணக்கு இன்று முடக்கப்படும்" என்று ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. லிங்க்கைத் தட்டினால் வங்கியின் பக்கம் மாதிரியே லோகோவும் நிறமும். அப்பா பதறிப்போய் நோட்டைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக அடித்துவிடுவார். மேனேஜர் லோகோவைப் பார்க்காது, தளத்தின் முகவரியைத்தான் பார்க்கும். வங்கியின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தானாக நிரப்பாது. பெட்டி காலியாக நிற்கும். அந்தக் காலிப் பெட்டிதான் எச்சரிக்கை.

ஈரோட்டுக்காரி:
காலிப் பெட்டியைப் பார்த்து எங்க அப்பா நிறுத்துவாரா? "இந்தச் சனியன் வேலை செய்யலை" என்று செயலியைத் திறந்து நகலெடுத்து ஒட்டுவார். :)

இன்னொரு எஸ்எம்எஸ் உண்டு: "இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்." அழைத்தால் திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வான். பிறகு அவர் மேனேஜரைத் திறந்து காட்டினாலும் தெரியும், ஓடிபி வந்தாலும் தெரியும். அங்கே உங்கள் செயலி எதற்கு உதவும்?

நள்ளிரவு_அட்மின்:
உதவாது. அப்படி நடந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைப்பதுதான் வழி. பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

டீக்கடை_பெஞ்சு:
பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகிற பாஸ்கீ வந்தாச்சு, கைரேகை வைத்தால் போதும். இன்னும் பாஸ்வேர்டுக்குச் சண்டையா?

ஈரோட்டுக்காரி:
நோட்டில் இருக்கிற எல்லாத் தளமும் அதை ஏற்கிற நாளில் சொல்லுங்கள், நோட்டை நானே கிழிக்கிறேன்.

பழைய_மோடம்:
நடுவில் ஒரு சந்தேகம். ஆபீஸில் மாதிரி 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லவா?

நள்ளிரவு_அட்மின்:
வேண்டவே வேண்டாம். அப்பா@1 போய் அப்பா@2 வரும், அவ்வளவுதான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே கசிந்த அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று 2017-இல் விதியை மாற்றிவிட்டது. பழைய வழிகாட்டுதலை எழுதிய பில் பர் அதே வருடம் பத்திரிகைப் பேட்டியில் வருத்தப்பட்டார்.

ஈரோட்டுக்காரி:
இதில் சண்டை இல்லை.

சரி, மோடம் சார், நடைமுறைக்கு வருகிறேன். நோட்டு இருக்கட்டும். மின்னஞ்சல் பாஸ்வேர்டு மட்டும் நீளமாக, வேறெங்கும் போடாததாக இருக்கட்டும். அது போனால் "மறந்துவிட்டேன்" பொத்தானை அழுத்தியே மற்ற கணக்குகளில் பாதியைப் பிடித்துவிடுவான். அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்கள். வங்கிப் பாஸ்வேர்டில் கடைசி நாலு எழுத்தை நோட்டில் எழுதாமல் அப்பா மனசில் வைத்துக்கொள்ளட்டும்.

நள்ளிரவு_அட்மின்:
அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்? அந்த நாலு எழுத்தை யாரிடம் போய்க் கேட்பது? மேனேஜர்கள் சிலவற்றில் அவசரத்துக்கு இன்னொருவர் திறக்கிற வசதி இருக்கிறது.

ஈரோட்டுக்காரி:
அம்மாவிடம் சொல்லி வைக்கட்டும்.

நள்ளிரவு_அட்மின்:
அம்மா மறந்துவிடக் கூடாதே என்று அதே நோட்டின் பின்அட்டையில் எழுதி வைப்பார்கள். பந்தயம் கட்டுகிறேன்.

பழைய_மோடம்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பின்அட்டையில் ஏடிஎம் பின் இருக்கிறது. அம்மா கையெழுத்து.