என்ன பட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை: ரசாயன விபத்து அனுபவங்கள்

அவசரப் பிரிவுச் செவிலியர், கோவை:
எவர்சில்வர் தொட்டி செய்யும் பட்டறையிலிருந்து ஒரு வெல்டர் இரவில் வந்தார். விரல் நுனிகளில் உயிர் போகும் வலி. பார்த்தால் லேசான சிவப்பு, அவ்வளவுதான். கொப்புளம்கூட இல்லை. நடிக்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மதியம் வெல்டிங் கறையை எடுக்க ஏதோ பேஸ்ட் தடவினாராம். என்ன பேஸ்ட்? "வெள்ளை டப்பா, சிஸ்டர்." கூட வந்த மேஸ்திரிக்கும் அதற்குமேல் தெரியவில்லை. பட்டறையில் இருந்தவரை லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருந்தது.

நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் பட்டவுடன் எரியாது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். வலி சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு. அதிக இடத்தில் பட்டிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் முதலில் ஈசிஜி எடுத்தோம். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைவசம் இல்லை. 10 சதவீத ஊசி மருந்தில் 10 மில்லி எடுத்து, 30 மில்லி வழுக்கு ஜெல்லியில் டாக்டரே கலந்தார். அதைக் கையுறைக்குள் நிரப்பி, அவர் கையை நுழைத்தோம். மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினார். போடவில்லை; வலி குறைகிறதா என்பதை வைத்துத்தான் மருந்து வேலை செய்வதை அறிய முடியும். விடிவதற்குள் தூங்கிவிட்டார்.

108 ஆம்புலன்ஸ் ஊழியர், ராணிப்பேட்டை மாவட்டம்:
தோல் தொழிற்சாலைக் கழிவுத்தொட்டி என்று அழைப்பு வந்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒருவர் மயங்கி விழுவார், தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. "இப்போது வாடை இல்லை, இறங்கலாம்" என்று ஒருவர் சட்டையைக் கழற்றியபோது கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். சுவாசக் கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வரும்வரை நாங்களும் இறங்குவதில்லை. உறவினர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியானவர் எழுத்தில் சான்று தராவிட்டால், சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் வெளியே கயிற்றைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, 36ஆம் பிரிவில், சொல்லியிருந்தது. நான் போன இடங்களில் கயிறுகூட இருந்ததில்லை.

சாயப்பட்டறை மாஸ்டர், திருப்பூர்:
எங்களுக்குக் காஸ்டிக் சோடா என்ற காரம்தான் எமன். கண்ணில் தெறித்தால் முதலாளி பதறிப்போய்க் காரை எடுப்பார். நல்ல மனசுதான், ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கண் வெந்துவிடும். அமிலத்தைவிடக் காரம் ஆழமாகப் போகும். குழாயடியிலேயே இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது தண்ணீர் விட வேண்டும். வலியில் பையன் கண்ணை இறுக்கிக்கொள்வான். இரண்டு பேர் பிடித்தால்தான் முடியும். எலுமிச்சை, வினிகர் என்று யோசனை சொல்ல ஒருவர் எப்போதும் வந்துவிடுவார், விரட்டிவிடுங்கள். சாயக் குளியல் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் என் மேசையிலேயே கிடக்கும். கழுவிய பிறகு கீழ் இமையோரம் அதைத் தொட்டுப் பார்ப்பேன். நீலம் காட்டினால் மறுபடியும் குழாய்தான். அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்று காட்டும் 7 பக்கம் வந்த பிறகே வண்டி.

வாசகர்:
ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரசாயனம் இருந்த கேனையே எடுத்துப் போகலாமா?

108 ஆம்புலன்ஸ் ஊழியர்:
வேண்டாம். மூடிய வண்டிக்குள் அது கசிந்தால் எல்லோரும் நோயாளிகள்தான். லேபிளைப் படம் எடுத்தால் போதும். நனைந்த சட்டையையும் கழற்றிவிட்டே ஏற்றுங்கள்.