லி சிங்ஜாவ்: சோகம்தான் அவரைப் பெரிய கவிஞர் ஆக்கியதா?

பாலக்கோடு வாசகி:
தருமபுரியில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் படிக்கிறோம். அடுத்த மாதம் என் முறை, சீனக் கவிஞர் லி சிங்ஜாவ் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் படித்த கட்டுரை எல்லாம் "கணவனை இழந்த சோகக் கவிஞர்" என்பதோடு நின்றுவிடுகிறது. கணவனை இழந்து அழுத பெண்கள் எந்த நாட்டில் இல்லை? தொள்ளாயிரம் வருடம் தாண்டியும் இவரை ஏன் கொண்டாடுகிறார்கள்?

கிருஷ்ணகிரிக்காரன்:
அக்கா, சோகம் வருவதற்கு முன்பே அவருக்குப் பெயர் இருந்தது. பிறந்தது 1084, திருமணம் 1101. கணவர் ஜாவ் மிங்செங்கும் அவரும் பழைய வெண்கலப் பாத்திரம், கல்வெட்டுகளின் பிரதி, நூல் என்று தேடித் தேடிச் சேர்த்தவர்கள். சாப்பிட்ட பிறகு ஒரு செய்தி எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று பந்தயம் வைப்பார்களாம், சரியாகச் சொன்னவருக்குத்தான் முதலில் தேநீர், ஜெயித்த சிரிப்பில் அந்தத் தேநீர் மடியில் கொட்டிவிடுமாம். 1127ல் வடக்கே இருந்த ஜின் அரசின் படை சீனத் தலைநகர் கைஃபெங்கைப் பிடித்ததும், எடுத்துப்போக முடியாததைக் கழித்தது போகப் பதினைந்து வண்டி நூல்கள் தெற்கே போயின. 1129ல் கணவர் இறந்தார். சேர்த்ததில் பெரும்பகுதி எரிந்தது, மீதியில் நிறைய திருடு போனது. இத்தனையும் கணவர் கல்வெட்டுகள் பற்றி எழுதிய நூலுக்கு லி சிங்ஜாவே எழுதிய பின்னுரையில் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம், அவருடைய ஒரு பாட்டு ஏழு இரட்டைச் சொற்களோடு தொடங்கும், தேடித் தேடி என்பது போல, பதினான்கு எழுத்தும் அப்படியே. நம் அடுக்குத்தொடரை வைத்துச் சொன்னால் கூட்டத்துக்கு உடனே புரியும். ஏற்கெனவே உள்ள மெட்டுக்குச் சொல் கட்டும் வகை அது, அதில் பேச்சு வழக்கை இவ்வளவு துணிந்து வைத்ததுதான் அவர் சாதனை என்பேன்.

அரூர் ஆசிரியர்:
இரண்டாவது கணவன்மேல் அவர் தொடுத்த வழக்கை விட்டுவிடாதீர்கள் அம்மா. 1132ல் மறுமணம் செய்தார், அந்த ஆள் கொடுமைக்காரன். அவன் பொய்க் கணக்குக் காட்டிப் பதவி வாங்கியதை அரசிடம் சொல்லிப் பிரிந்தார். கணவன்மேல் புகார் சொன்னால், புகார் உண்மையானாலும் மனைவிக்குச் சிறை என்பது அன்றைய சட்டம். தெரிந்தேதான் போனார். ஒன்பது நாளில் விடுதலை.

இதையெல்லாம் அவரே கடிதமாக எழுதியிருந்தும், பல நூற்றாண்டுக்குப் பிறகு, சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் கால அறிஞர்கள் சிலர் மறுமணமே நடக்கவில்லை, கடிதம் போலி என்று வாதாடினார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே கணவனை நினைத்து உருகும் விதவை. நீங்கள் படித்த கட்டுரைகளில் இருப்பதும் அந்த விதவைதான்.

நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். தகடூர் அதியமானோடு இருந்த ஔவையை மாற்றரசன் "விறலி" (ஆடிப் பாடும் பெண்) என்று அழைத்து அழகை வருணிக்கிறான், புறநானூறு 89ல். கோல் ஊன்றிய பாட்டி அங்கே இல்லை, பிற்கால ஔவைகளின் கதை ஏறி அவரும் பாட்டியாகிவிட்டார்.

பாலக்கோடு வாசகி:
ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய 235ஆம் பாட்டையும் அந்த இரட்டைச்சொல் பாட்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கப் போகிறேன். கூட்டத்தை அதியமான்கோட்டையில் வைக்கலாமா என்று கேட்கிறேன், இடம் கிடைத்தால் நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும்.